நட்டைப் பிடித்த கை

அத்தியாயம் 6

“உங்க மார்பு எத்தன இஞ்சு, கண்ணாயிரம்?” என்று ரெஜினா மேடம் கேட்டபோதே நான் வேலையை விட்டிருக்க வேண்டும்.

“முப்பதுங்க மேடம். பயந்தா இருவத்தெட்டு.”

“அப்ப இருவத்தெட்டுதான். இந்த ஓட்டைக்குள்ள தாராளமா போவீங்க.”

ஓட்டை என்று அவர் சொன்னது ஒரு பாய்மரப் படகின் வயிற்றில் இருந்த வட்டமான திறப்பு. மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். சோற்றுக் குண்டான் வாய் அகலம் இருக்கும். உள்ளே ஒரே இருட்டு. நனைந்த பிளைவுட் வாசனை குப்பென்று வந்தது. பன்னிரண்டு வருடம் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டே டிக்கெட் கிழித்தவன் நான். பயப்படுவதில் எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு. ஆனாலும் அந்த ஓட்டையைப் பார்த்ததும் என் கால் தானாகவே ஒரு அடி பின்னால் போனது.

நாங்கள் இருந்தது கரியாலூரைத் தாண்டி, செம்பாறை ஏரிக்கரையில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் தகரக் கொட்டகை. வெளியே மழை. படகு நான்கு டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. பதினைந்து அடி நீளம், வெள்ளை பெயிண்ட், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு முறை ஒரு பெண்ணோடு முழுகிய படகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெண் சந்தியா, படகின் மறுபக்கம் நின்றிருந்தாள். விடுதியும் ஏரிக்கரையும் அவள் அப்பா அவள் பெயரில் எழுதி வைத்தவை. விற்கச் சொல்லி வீட்டில் கேட்டும் அவள் கையெழுத்துப் போடவில்லை. விருந்தாளிகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதும் அவள்தான். மூன்று நாளைக்கு முன் எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “மூணாவது தடவ நான் மேல வர மாட்டேங்க. யாருன்னு கண்டுபுடிச்சிக் குடுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அவளை எங்களிடம் பஸ் ஏற்றி அனுப்பியதே அவள் கணவன் சுபாஷ்தான். விடுதியை நடத்துபவன். கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். “எல்லாம் அந்த மார்ட்டின் வேலைங்க. காச வாங்கிக்கினு அரைகொறையா செஞ்சிட்டான். நீங்க வந்து பாத்தா தெரியும்,” என்று போனில் சொன்னான். இப்போது கையைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு வழிவிட்டு நின்றான். நல்ல ஓங்குதாங்கான ஆள்.

படகைக் கட்டியது அந்த மார்ட்டின். கடலூரில் பதினெட்டு வருடம் படகுப் பட்டறையில் இருந்தவர். காலையில் எங்களை ஜீப்பில் மலை ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான். வழி முழுக்க ஸ்டீரிங்கில் ஒரு கையும் காற்றில் ஒரு கையுமாக மேடத்துக்குப் பாடம் எடுத்தார். நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“மேல்தளத்துல கயிறு கட்டற இரும்புக் கொம்பு ஒண்ணு இருக்கும்மா. அத நாலு போல்ட்டு போட்டு நிறுத்தணும். மரத்துல ஓட்ட போட்டாலே தண்ணிக்கு வாசல் தொறந்த மாதிரி. அதனால நான் ஓட்டைய மொதல்ல பெருசா போடுவேன். ரெசின் ஊத்தி அடைச்சிடுவேன். அது கல்லு மாதிரி ஆனப்புறம் நடுவுல சின்னதா திரும்ப ஓட்ட போடுவேன். போல்ட்டு ரெசினத்தான் தொடும். மரம் தண்ணியவே பாக்காது.”

“அப்புறம்?”

“கருப்புப் பசைய தடவி, பாதி முடுக்கி வுட்டுடணும். ஆத்திரப்பட்டு இறுக்குனா பசையெல்லாம் பிதுங்கி வெளிய போயிடும். மூணு நாளு காயணும். அதுக்கப்புறம் கீழ கைய வுட்டு நட்ட மட்டும் கால் சுத்து. மேல இருக்கற போல்ட்ட தொடவே கூடாது. ஒட்டிக்கினு இருக்கற பசைய முறுக்கிக் கிழிச்சிடும். கண்ணுக்குத் தெரியாது. மழ பேஞ்சா உள்ள எறங்கிக்கினே இருக்கும்.”

அந்த நான்கு போல்ட்டும் இறங்குவது படகின் முன்பக்கத்தில் மூடி வைத்த ஒரு அறைக்குள். உள்ளே வெறும் காற்றுதான். அந்தக் காற்றுதான் படகைத் தூக்கிப் பிடிக்கிறது. அதில் தண்ணீர் சேர்ந்தால் கரையில் நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. நடு ஏரியில் காற்று அடிக்கும்போது மூக்கு குப்புறப் போய்விடும். இரண்டு முறையும் அப்படித்தான் போனது.

“மொத தடவ முழுகுனப்ப நீங்க வந்து பாத்தீங்களா?” என்று மேடம் கேட்டார்.

“வந்தேன். பசை கிழிஞ்சி கெடந்துச்சி. அந்தம்மா ஜுரத்துல ஆஸ்பத்திரில இருந்தாங்க. சுபாஷ் தம்பிகிட்டதான் சொன்னேன். யாரோ மேல போல்ட்ட திருப்பியிருக்காங்க, இதால உசுரே போவும்னு சொன்னேன். யாரும் தொடலியேன்னாரு. சரின்னு புது போல்ட்டு, புது பசை, எல்லாம் போட்டுட்டு வந்தேன். திரும்பவும் முழுகுனா நான் இன்னா பண்றது? நான் கொலகாரனா?”

கண்ணைத் துடைக்க ஸ்டீரிங்கில் இருந்த கையையும் எடுத்தார். எனக்கு அழுகிற டிரைவரை விட வளைவுதான் பெரிய கவலையாக இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, “மில்லு ஃபிட்டருங்க எல்லாம் ஒரு மாதிரிங்க மேடம்,” என்றேன். “என் சகலையும் அதே மில்லுதான். ஒரு நட்ட முடுக்குனா அது மேல ஒரு பெயிண்ட் கோடு போட்டே தீருவாரு. அடுத்த ஷிப்டுக்காரனுக்கு இது முடுக்குனதுன்னு தெரியணுமாம். அவுரு வூட்டு மிக்ஸி நட்டுல கூட மஞ்ச கோடு இருக்கும்.” மேடம் சிரித்தார். மார்ட்டின் சிரிக்கவில்லை.

கொட்டகை வாசலிலேயே சுபாஷ் மார்ட்டினை நிறுத்திவிட்டான். “அவன் உள்ள வரக் கூடாதுங்க.” மார்ட்டின் மழையில் நனைந்துகொண்டே ஜீப்புக்குத் திரும்பினார். சாரல் உள்ளே அடிக்கிறது என்று சுபாஷ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அப்போது அது நல்ல காரியமாகவே தெரிந்தது.

செல்போனை உள்ளே விட்டு வீடியோ எடுத்துப் பார்த்தோம். நான்கு நட்டும் ஒரு குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தன. கையால் தடவலாம். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தலையும் உள்ளே போக வேண்டும். அதனால்தான் மேடம் என் மார்பை விசாரித்தார்.

டார்ச்சை நெற்றியில் துண்டால் கட்டிக்கொண்டு, ஸ்பேனரோடு வலது கையை விட்டேன். பிறகு தலை. பிறகு ஒரு தோள். இடுப்புவரை உள்ளே போய் மல்லாந்து கிடந்தேன். பாதிக் கண்ணாயிரம் உள்ளே, மீதி வெளியே. இடது கை உடம்போடு சேர்ந்து இறுகிக்கொண்டது. மழைச் சத்தம் படகுக்குள் பத்து மடங்காகக் கேட்டது.

“தண்ணி ஊத்தறேன். எங்க ஒழுவுதுன்னு பாருங்க,” என்றார் மேடம்.

நான்கு போல்ட்டிலும் ஒழுகியது. ஒரு சொட்டு நேராக என் மூக்கில்.

“நாலுமேங்க மேடம். எதுக்கும் ஓரவஞ்சன இல்ல.”

“பாத்தீங்களா? நான் தான் சொன்னனே,” என்றான் சுபாஷ். “பசையே சரியில்ல.”

“ஒரு போல்ட்ட கழட்டிப் பாத்துடலாம் சுபாஷ். பசை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும். நீங்க செய்யறீங்களா?”

“எனக்கு இந்த படகு வேலையெல்லாம் தெரியாதுங்க. ஒரு நாளும் கை வெச்சதில்ல. சொல்றீங்க, செய்யறேன்.” ஸ்க்ரூடிரைவர் போல்ட்டுத் தலையில் உட்காரும் சத்தம் கேட்டது. “யோவ், கீழ நட்ட ஸ்பேனர் போட்டு கெட்டியா புடி. நான் மேல திருப்பறேன்.”

பிடித்தேன். அவன் திருப்பினான். ஸ்பேனர் வழுக்கியது. நட்டைத் துடைக்கலாம் என்று விரலால் தேய்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் அதன் மேல் ஒரு கோடு. நட்டிலிருந்து வாஷர்வரை, நேராக, மயில்கழுத்து நிறத்தில்.

பக்கத்து நட்டைப் பார்த்தேன். அதிலும் கோடு. நான்கிலும். பெயிண்ட் இல்லை. பளபளவென்று இருந்தது. என் மனைவி தீபாவளிக்குப் போடுகிற நகப்பாலீஷ் மாதிரி.

நட்டு கழன்று என் கன்னத்தில் விழுந்தது. மேலே போல்ட்டை உருவினான். மேடம் அதை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒரு ஓட்டை, என் முகத்துக்கு மேலே. அதன் வழியாக வெளிச்சம் வந்தது. பிறகு வெளிச்சம் போனது.

அந்த ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரின் நுனி மெதுவாக உள்ளே இறங்கியது.

என் வலது கண்ணுக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. நான் தலையைத் திருப்பப் பார்த்தேன். குறுக்குச் சட்டம் இடித்தது. பின்னால் நகரப் பார்த்தேன். தோள் மாட்டியிருந்தது.

“உள்ள இன்னா பாத்த?” என்றான் சுபாஷ். உதட்டை ஓட்டையில் வைத்துப் பேசுகிற மாதிரி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்த மழைச் சத்தத்தில் நான் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்? மூத்திரம் வருகிற மாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வருகிற மாதிரி இருந்தது.

“ஒண்ணும் இல்லங்க. ஒரே இருட்டு.”

நுனி அசையாமல் நின்றது. நான் மூச்சு விட்டால் அதில் படும் போல இருந்தது. அப்போதுதான் ஜன்னல் பக்கமிருந்து மேடம் சத்தமாகக் கேட்டார்: “கண்ணாயிரம், உள்ள எல்லாம் சரியா?”

வாழ்க்கையில் எத்தனையோ முறை வாய்க்கு வந்ததை உளறியிருக்கிறேன். அன்று மட்டும் யோசித்து உளறினேன்.

“சரிதாங்க மேடம்! இங்க படுத்துக்கினு இருந்தா என் சகலை வூட்டு மிக்ஸி ஞாபகம்தான் வருது!”

ஜன்னலிலிருந்து செருப்புச் சத்தம் என் பக்கம் திரும்பியது.

“நல்ல மிக்ஸியாச்சே,” என்றார் மேடம். “நாலு ஜாரும் இருக்குதா?”

“நாலும் இருக்குதுங்க. கலரு மட்டும் வேற. லேடீஸ் கலரு.”

“இன்னா ஒளர்றான் இவன்?” என்றான் சுபாஷ்.

“பயந்தா அப்படித்தான். கொஞ்சம் நகருங்க, அவர வெளிய இழுக்கணும்.”

ஸ்க்ரூடிரைவர் மேலே போனது. மேடம் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். சட்டையில் பாதி உள்ளேயே தங்கிவிட்டது. மண் தரையில் விழுந்து, இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மேடம் கையில் போல்ட்டு. அதைச் சுற்றிக் கருப்புப் பசை முறுக்குப் பிழிந்தது போலச் சுருண்டிருந்தது.

“மார்ட்டின் பசை நல்ல பசைதான்,” என்றார். “கெட்டியா ஒட்டினப்புறம் யாரோ போல்ட்ட திருப்பியிருக்காங்க. மார்ட்டின் வழக்கப்படி முடுக்க ஒரு ஆள் போதும், கீழ நட்ட மட்டும் திருப்பணும். மேல திருப்பணும்னா இன்னொரு ஆள் கீழ நட்ட புடிக்கணும். இப்ப நீங்க கண்ணாயிரத்த புடிக்கச் சொன்னீங்க இல்ல, அந்த மாதிரி. இது ரெண்டு பேர் வேல, சுபாஷ்.”

“அப்ப மார்ட்டினும், அக்கரையில பெடல் போட்டு வாடகைக்கு வுடற இளவரசனும் சேந்து பண்ணியிருப்பானுங்க.”

“இளவரசன வர்ற வழியில பாத்தேன். அவர் தொப்ப அந்த ஓட்டையில போவாது. நட்டு மேல கோடு போடணும்னா தலையும் உள்ள போவணும். ஒல்லியான ஆளு வேணும்.” மேடம் படகைச் சுற்றிக்கொண்டு போனார். “சந்தியா, உங்க கைய காட்டுங்க.”

சந்தியா கையை நீட்டினாள். நகங்களில் மயில்கழுத்து நிறம், ஓரங்களில் உரிந்துபோய்.

எங்களைக் கூப்பிட்டவளே எங்களை ஏமாற்றுகிறாளா என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். மேடமும் நினைத்திருப்பார். குரல் கடுமையாக வந்தது.

“மார்ட்டின் போட்டப்புறம் யாராவது தொட்டாங்களான்னு ஆபீஸ்ல கேட்டேன். யாரும் தொடலன்னு சொன்னீங்க.”

சந்தியா விழித்தாள். “ஆமாங்க. வெளி ஆளு யாரும் தொடல.”

“நட்ட புடிச்சது யாரு?”

“நான்தான் புடிச்சேன். லூசா இருக்குது, நீ உள்ள போயி புடி, நான் மேல முடுக்கறேன்னாரு. முடுக்கனதுக்கு அடையாளமா ஒரு கோடு போட்டு வெக்கச் சொன்னாரு. பெயிண்ட் இல்ல, நகப்பாலீஷ் போட்டேன்.” அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாராவது தொட்டாங்களான்னு கேட்டீங்க. என் புருஷனும் நானும் எப்படிங்க யாராவது ஆவோம்?”

“எத்தன தடவ?”

“ரெண்டு தடவ. மார்ட்டின் அண்ணன் போட்டுட்டுப் போன நாலாம் நாளு. ரெண்டு தடவையும்.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. நீட்டிய கை அப்படியே நின்றது. தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

சுபாஷ் நகர்ந்து கதவுக்கு முன்னால் போய் நின்றான். ஸ்க்ரூடிரைவர் இன்னும் அவன் கையில். என் முதுகு தகரச் சுவரில் முட்டியது. அதற்குமேல் போக இடமில்லை.

“தெரியாம செஞ்சது,” என்றான். “மில்லு பழக்கம். நட்ட புடிச்சிக்கினு போல்ட்ட திருப்பறதுதான் எங்களுக்கு வழக்கம்.”

“மொத தடவ தெரியாமதான் செஞ்சீங்க. நானும் நம்பறேன்,” என்றார் மேடம். அவர் குரலும் லேசாக ஆடியது. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயம் ஜாஸ்தி ஆனது. “அன்னிக்கே நான்தான் முடுக்குனேன்னு சொல்லியிருந்தா விஷயமே முடிஞ்சிருக்கும். நீங்க சொல்லல. போல்ட்ட திருப்புனா உசுரு போவும்னு மார்ட்டின் உங்ககிட்ட மட்டும் சொன்னாரு. இவங்க ஆஸ்பத்திரில இருந்தாங்க. அதக் கேட்டுட்டு, இவங்க குணமாயி வந்தப்புறம், இவங்களையே திரும்ப உள்ள போயி புடிக்கச் சொன்னீங்க. ஏரிக்கரைய விக்கறதுக்கு இவங்க கையெழுத்து போட மாட்டேன்னாங்க. அவ்ளோதான?”

சுபாஷ் ஸ்க்ரூடிரைவரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். பிறகு மறுபடி வலது கைக்கு.

சந்தியா படகைச் சுற்றிக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள். மேடம் அவள் தோளைப் பிடித்தார். அவள் அதை எடுத்துவிட்டாள். அவனிடமிருந்து கை எட்டும் தூரத்தில் போய் நின்றாள். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூட முடியவில்லை.

“மொத தடவ முழுகுனப்ப நீதான குதிச்ச?” என்றாள். அதுவரை அவனை அவள் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. “பேண்ட் சட்டையோட குதிச்சி என்ன தூக்கிக்கினு வந்த. கரையில போட்டுட்டு அழுத. ஆஸ்பத்திரில ராத்திரி பூரா என் கால தேச்சிக்கினு இருந்த. ரெண்டாவது தடவ கரையிலயே நின்ன. நான் உன்னத்தான் பாத்துக்கினே முழுகுனேன். மொத தடவ ஏன் குதிச்ச?”

அவன் தரையைப் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான் என்றுதான் எனக்குப் பட்டது.

“அப்ப மார்ட்டின் வந்து இன்னும் சொல்லல,” என்றான்.

அவள் அவனைத் தாண்டிக் கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தாள். அவன் தடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை டயர் மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். மேடம் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்ட பிறகுதான் நான் சுவரை விட்டு நகர்ந்தேன்.

வெளியே மார்ட்டின் ஜீப்பை விட்டு இறங்கி ஓடி வந்தார். தகரத்தின் மேல் விழுந்த மழையில் அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது.

“வண்டிய ஸ்டேஷனுக்கு வுடுங்கண்ணே,” என்றாள் சந்தியா.

“இன்னா ஆச்சும்மா? யாரு திருப்புனதுன்னு தெரிஞ்சிச்சா?” அவர் அவளைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “நான் சொன்னது கரெக்டுதான? மேல திருப்புனதால வந்ததுதான? நான் அப்பவே சொன்னேன்ல?”

சந்தியா ஜீப்பில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேடம் குடையை விரிக்காமல் மழையில் நின்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான், அவர் சொன்னதுதான் சுபாஷுக்கு வழிகாட்டியது என்று அந்த மனுஷனிடம் சொல்ல மனசு வராமல், நனைந்த அரைச் சட்டையோடு ஜீப்பில் ஏறி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.